செவ்வாய்க் கோளின் நிலத்தோற்றங்கள்

(தலைமையாசிரியர்)



இவ்வாண்டு விடுமுறையின்போது நம் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்கள் சிங்கப்பூருக்குக் கல்விச் சுற்றுலா சென்று வந்ததை நீங்கள் அறிவீர்கள். அச்சுற்றுலாவில் ஒரு மாணவி என்னிடம் ஒரு வினா எழுப்பினாள். எளிய வினாதான், ஆயினும் அதற்கு விடை கூற எனக்கு ஒரு பகற்பொழுது முழுவதும் தேவைப்பட்டது. அவ்வினாவையும், அதனையொட்டி நாங்கள் கற்ற பாடத்தையும் இவ்வாண்டு மலரின் வாயிலாக உங்கள் அனைவருக்கும் வழங்க விரும்புகின்றேன். அம்மாணவியின் வீட்டாரது இசைவு பெற்றே இதனை எழுதுகின்றேன்.

கோயிலில் எழுந்த வினா

விடியற்காலையில் நம் தோட்டத்தை விட்டுப் புறப்பட்ட பேருந்து, செம்பனைக் காடுகளைக் கடந்து, ஜொகூர் பாலத்தின் வழியே சிங்கப்பூரை அடைந்தது. முதலில் தேக்கா வட்டாரத்திற்குச் சென்றோம். பூமாலைக் கடைகளும் மளிகைக் கடைகளும் நிறைந்த சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில், ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் ஆகியவை உள்ளன. அச்சாலைக் கோயில் ஒன்றில் வழிபாடு முடித்து, நவக்கிரகச் சன்னிதியைச் சுற்றி வந்தோம். செந்நிற ஆடை உடுத்திய செவ்வாயின் திருவுருவத்தின் முன் அம்மாணவி நின்றுவிட்டாள்.

“ஐயா, நாம் அறிவியல் பாடத்தில் படித்த செவ்வாய்க் கோளும் இதுவும் ஒன்றுதானா?” என்று கேட்டாள்.

“ஆம் அம்மா. வானத்தில் சிவந்து தோன்றும் அந்த ஒளிப் புள்ளியைத்தான் நம் முன்னோர் இவ்வுருவில் வைத்து வணங்கினர்” என்றேன்.

“அப்படியானால், அங்கிருந்து அது நம்மைப் பார்க்கிறதா, ஐயா? எங்கள் வீட்டு அக்காவுக்கு வந்த சம்பந்தம் செவ்வாய் தோஷம் என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டது. அவர்மேல் செவ்வாயின் பார்வை பட்டிருக்கிறதாம்.”

பின்னால் வரிசை நீண்டிருந்தது. “மாலையில் விடை சொல்கின்றேன்” என்று கூறி அவளை அழைத்துச் சென்றேன். உண்மையில், அந்நேரத்தில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடிப்படைச் செய்திகள்

செவ்வாய், சூரியனிலிருந்து எண்ணும்போது நான்காவது கோளாகும். அது சூரியனிலிருந்து சராசரியாக 22.8 கோடி கி.மீ. தொலைவில் உள்ளது. அதன் விட்டம் ஏறத்தாழ 6,780 கி.மீ.; அஃதாவது, நம் பூமியின் விட்டத்தில் பாதியினும் சற்று மிகுதி. அங்கு ஒரு நாள் என்பது நம் நாளைவிட ஏறத்தாழ 40 நிமிடம் நீண்டது. ஆனால் ஓர் ஆண்டு என்பது நம் நாள்களில் 687 ஆகும்.

அது பாறைகளால் ஆன கோள். மிகவும் குளிர்ந்த கோள். சராசரி வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் ஏறத்தாழ 60 பாகை செல்சியசு ஆகும். பூமி பெறும் சூரிய ஒளியில் பாதிக்கும் குறைவாகவே அது பெறுவது ஒரு காரணம். பெற்ற வெப்பத்தைப் போர்வைபோல் பிடித்து வைத்துக்கொள்ளத் தக்க அடர்ந்த காற்று அங்கு இல்லாமை மற்றொரு காரணம். அங்குள்ள காற்றின் அழுத்தம் நம் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. அக்காற்றிலும் பெரும்பகுதி கரியமில வாயுவே.

அதன் செந்நிறத்திற்குக் காரணம் என்ன? நம் தோட்டத்துப் பாதையின் செம்மண்ணைப் பாருங்கள். அம்மண்ணிலுள்ள இரும்பு, உயிர்வளியுடன் சேர்ந்து துருவாக மாறியிருப்பதால் அது சிவந்து காணப்படுகின்றது. சிங்கப்பூரில் புக்கிட் மேரா, தானா மேரா என்னும் இடங்கள் உள்ளன. மலாய் மொழியில் முன்னது செங்குன்று என்றும், பின்னது செம்மண் நிலம் என்றும் பொருள்படும். செவ்வாயின் செம்மையும் இத்தகைய இரும்புத் துருவின் நிறமேயாகும். அங்கே கோபமும் இல்லை, குருதியும் இல்லை.

குழியா, மேடா?

கோயிலை விட்டு வெளியே வந்து, சிராங்கூன் சாலை உணவகம் ஒன்றில் காலைச் சிற்றுண்டி அருந்த அமர்ந்தோம். தோசை வரும்வரை காலத்தை வீணாக்க வேண்டாம் என்றெண்ணி, நான் கொண்டு சென்றிருந்த ஒரு படத்தை மேசைமீது வைத்தேன். செவ்வாயைச் சுற்றிவரும் விண்கலம் ஒன்று மேலிருந்து எடுத்த படம் அது. மாணவர்களுக்கு நேராகத் தெரியும் வண்ணம் அதனை வைத்தேன்.

“இங்கே என்ன தெரிகின்றது?” என்று கேட்டேன்.

என் எதிரே அமர்ந்திருந்தோர், “குழிகள்” என்றனர். என் பக்கத்தில் அமர்ந்திருந்தோர், “மேடுகள்” என்றனர். நான் படத்தை உற்று நோக்கினேன். கறையான் புற்றுகளைப் போன்று வட்ட வட்டமான மேடுகளே என் கண்களுக்குத் தெரிந்தன. “மேடுகள்தாம்” என்று தலைமையாசிரியருக்குரிய உறுதியுடன் தீர்ப்பளித்தேன். எதிர்வரிசை அடங்கிவிட்டது.

அப்பொழுது, கோயிலில் வினா எழுப்பிய அதே மாணவி, “ஐயா, ஓரத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறதே, அது என்ன?” என்றாள். சூரிய ஒளி வரும் திசையைக் காட்டும் குறி அது. ஒளி படத்தின் மேல் விளிம்பிலிருந்து வருவதாக அது காட்டியது. அவள் எழுந்து வந்து, படத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள். என் கண்ணெதிரே மேடுகள் யாவும் குழிகளாக மாறிவிட்டன!

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது, நிலவியல் விரிவுரையாளர் ஒருவர், படத்தைப் படிக்குமுன் ஒளி எங்கிருந்து வருகின்றது என்று கேட்கும்படி எங்களுக்குப் பலகாலும் கூறியுள்ளார். முப்பது ஆண்டுகள் பாடம் நடத்திய பின்னர், ஒரு தோசைக் கடையில் அதனை மறந்துவிட்டேன். அனைவர் முன்னிலையிலும் என் பிழையை ஒப்புக்கொண்டேன்.

ஏன் இவ்வாறு தோன்றுகின்றது? ஒளி எப்பொழுதும் மேலிருந்து வருவதாக எண்ணுவதே நம் கண்ணின் வழக்கம். ஒரு மேட்டின்மீது ஒளி பட்டால், ஒளியை நோக்கிய பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் இருளாகவும் இருக்கும். ஒரு குழியில் இது மாறிவிடும். ஒளி வரும் பக்கத்துச் சுவர் நிழலில் இருக்கும். எதிர்ச் சுவர் ஒளி பெறும். படத்தைத் தலைகீழாகப் பார்ப்பவனுக்கு ஒளியும் நிழலும் இடம் மாறுவதால் குழி மேடாகவும், மேடு குழியாகவும் தோன்றும்.

நிழலின் உதவி

நிழலைக் கொண்டு வடிவத்தை மட்டுமன்றி, உயரத்தையும் அளக்கலாம். நம் பள்ளித் திடலில் ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சியை நட்டு வையுங்கள். அதன் நிழல் இரண்டு மீட்டர் நீளம் இருக்கும் நேரத்தில், கொடிமரத்தின் நிழல் 16 மீட்டர் இருப்பின், கொடிமரத்தின் உயரம் 8 மீட்டர் ஆகும். செவ்வாயில் படம் எடுக்கப்பட்ட நேரத்தில் சூரியன் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதைக் கணக்கிட முடியும். ஆகவே, அங்குள்ள பாறையின் நிழலை அளந்து, பாறையின் உயரத்தைக் கூறிவிடலாம்.

நண்பகலில் சூரியன் தலைக்கு நேரே நிற்கும்போது நிழல் சுருங்கிவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள சிங்கப்பூரிலும் நம் ஜொகூரிலும் மார்ச்சு, செப்டம்பர் மாதங்களில் இதனைக் கண்கூடாகக் காணலாம். நிழலற்ற படத்தில் மேடுபள்ளம் புலப்படாது. ஆகையால், நிலத்தின் வடிவை ஆராய விரும்புவோர் சூரியன் சாய்ந்திருக்கும் வேளையில் எடுத்த படங்களையே பெரிதும் நாடுவர்.

நிழலுடன் வேறொரு முறையும் உண்டு. 1997ஆம் ஆண்டில் செவ்வாயை அடைந்த ‘மார்ஸ் குளோபல் சர்வேயர்’ என்னும் விண்கலம், லேசர் ஒளிக் கதிர்களைத் தரையை நோக்கி அனுப்பியது. கதிர் தரையில் பட்டுத் திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்தது. நேரம் குறைந்தால் மேடு; நேரம் கூடினால் பள்ளம். கோடிக்கணக்கான இத்தகைய அளவைகளைக் கொண்டு செவ்வாய் முழுவதற்கும் உயர வரைபடம் வரையப்பட்டது.

புழுதி அடங்கியபோது

1965ஆம் ஆண்டு ஜூலையில் மாரினர் 4 என்னும் அமெரிக்க விண்கலம் செவ்வாயைக் கடந்து சென்றது. அது அனுப்பிய இருபத்திரண்டு படங்களில் குழிகளே காணப்பட்டன. செவ்வாயும் நம் நிலவைப் போன்று உயிர்ப்பற்ற நிலமே என்று பலரும் முடிவு கட்டினர்.

1971ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மாரினர் 9 செவ்வாயின் சுற்றுப்பாதையில் புகுந்தது. பூமியல்லாத வேறொரு கோளைச் சுற்றிவந்த முதல் விண்கலம் அதுவே. ஆனால், அது சென்றடைந்த வேளையில் செவ்வாய் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. தரையே தெரியவில்லை. புழுதிக்கு மேலே சில கரும்புள்ளிகள் மட்டும் தெரிந்தன. விஞ்ஞானிகள் பொறுமையுடன் காத்திருந்தனர். வாரங்கள் சென்றபின் புழுதி மெல்ல அடங்கியது. கரும்புள்ளிகளாகத் தோன்றியவை மாபெரும் எரிமலைகளின் உச்சிகள் என்பது அப்பொழுது விளங்கிற்று. முன்னர்க் கண்டது கோளின் ஒரு சிறு பகுதியே. அதனைக் கொண்டு முழுக் கோளையும் மதிப்பிட்டது தவறு என்பதையும் உலகம் உணர்ந்தது.

இனி, அவ்வாறு புலப்பட்ட நிலத்தோற்றங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

1. மோதற் குழிகள்

விண்வெளியிலிருந்து பெரும் கற்கள் வந்து மோதுவதால் உண்டாகும் வட்டக் குழிகள் இவை. இந்தியாவில் மகாராட்டிர மாநிலத்து லோனார் என்னும் ஊரில் எரிமலைப் பாறையில் அமைந்த இத்தகைய குழி ஒன்று உண்டு. அதன் விட்டம் ஏறத்தாழ 1.8 கி.மீ. செவ்வாயின் தென்பகுதியிலுள்ள ஹெல்லாஸ் என்னும் பெரும்பள்ளத்தின் விட்டமோ ஏறத்தாழ 2,300 கி.மீ.

குழிகளைக் கொண்டு நிலத்தின் வயதையும் ஒருவாறு அறியலாம். மணற்பரப்பைச் சீவி விட்டபின் தூறல் விழுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். நெடுநேரம் நனைந்த இடத்தில் துளிகளின் தடம் மிகுந்திருக்கும். சற்று முன்னர்ச் சீவிய இடத்தில் குறைந்திருக்கும். அதுபோன்றே, குழிகள் மிகுந்த தென்பாதி பழமையான நிலம். குழிகள் குறைந்த வடபாதிச் சமவெளி, பிற்காலத்தில் மூடப்பட்ட நிலம். மேலும், ஓர் ஆற்றுத்தடத்தின்மீது ஒரு குழி அமைந்திருப்பின், ஆறு முந்தியது, குழி பிந்தியது என அறிக.

2. எரிமலைகள்

ஒலிம்பஸ் மலை, சூரியக் குடும்பத்துக் கோள்களில் நாமறிந்த எரிமலைகளுள் மிக உயர்ந்தது. அதன் உயரம் ஏறத்தாழ 22 கி.மீ. எவரெஸ்டுச் சிகரத்தின் உயரம் 8,849 மீட்டரே. அம்மலையின் அடிவாரம் ஏறத்தாழ 600 கி.மீ. அகலமுடையது. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை நேர்கோடு இழுத்தால் எவ்வளவு தொலைவோ, அவ்வளவு அகலம்! அவ்வளவு அகன்று, மிகச் சிறிய சரிவுடன் உயர்வதால், அதன் அடிவாரத்தில் நிற்பவன் மலை முழுவதையும் காண இயலாது. மேலே சுற்றுப்பாதையிலிருந்து நோக்கினாலன்றி அதன் உருவம் விளங்காது.

அது இவ்வளவு பெரிதாக வளர்ந்தது எவ்வாறு? பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்ந்துகொண்டிருக்கின்றது. ஆதலால் கீழிருந்து எழும் பாறைக்குழம்பு ஒரே இடத்தில் நெடுங்காலம் கொட்டுவதில்லை. செவ்வாயின் மேலோடு அவ்வாறு நகரவில்லை. குழம்பு ஒரே இடத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் வழிந்து, அடுக்கடுக்காகப் படிந்து உயர்ந்தது. அங்கு ஈர்ப்பு விசையும் பூமியின் ஈர்ப்பில் ஐந்தில் இரண்டு பங்கினும் சற்றுக் குறைவு என்பதால், அத்துணைப் பெரிய மலை நிற்க முடிந்தது.

3. மாபெரும் பள்ளத்தாக்கு

செவ்வாயின் நடுப்பகுதியில் 4,000 கி.மீ.க்கு மேல் நீளமுள்ள பள்ளத்தாக்குத் தொகுதி ஒன்று உள்ளது. மாரினர் 9 விண்கலத்தின் நினைவாக அதற்கு ‘வேலஸ் மரினெரிஸ்’ எனப் பெயரிட்டனர். நம் பாட்டனார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ‘ரஜூலா’க் கப்பலேறி, பல நாள் கடலில் மிதந்து பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் வந்த கதையைக் கேட்டிருப்பீர்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வானூர்தி பறக்கும் தொலைவு ஏறத்தாழ 2,900 கி.மீ. அப்பள்ளத்தாக்கு அதனினும் நீண்டது. சில இடங்களில் 7 கி.மீ. ஆழமுடையது.

இதனை ஆறு அரித்து உண்டாக்கியது என்று எண்ணிவிடாதீர்கள். அருகிலுள்ள எரிமலை மேட்டுநிலம் உப்பி உயர்ந்தபோது, மேலோடு இழுபட்டுப் பிளந்தது. பின்னர், சுவர்கள் சரிந்து சரிந்து பிளவு அகன்றது. ஒன்றுபோல் தோன்றும் இரண்டு பள்ளங்கள் வெவ்வேறு காரணங்களால் உண்டாகியிருக்கலாம் என்பதற்கு இது சான்றாகும்.

4. வறண்ட ஆற்றுத்தடங்கள்

இத்தோற்றங்களுள் என் உள்ளத்தைப் பெரிதும் தொட்டவை இவையே. கிளைகள் பல கூடிப் பேராறாகும் தடங்கள், செவ்வாயின் பழைய நிலப்பகுதிகளில் ஏராளமாகக் காணப்படுகின்றன. பெருவெள்ளம் பாய்ந்து அகழ்ந்த அகன்ற வாய்க்கால்களும் உள்ளன. இவற்றுள் சிலவற்றிற்கு, உலக மொழிகளில் செவ்வாய்க்கு வழங்கும் பெயர்களையே சூட்டியுள்ளனர். ஜப்பானிய மொழிப் பெயரால் ‘கசெய்’ என்றும், வடமொழிப் பெயரால் ‘மங்கள’ என்றும் இரு பெரும் தடங்கள் அழைக்கப்படுகின்றன.

ஜெசரோ என்னும் 45 கி.மீ. அகலக் குழியின் மேற்கு ஓரத்தில், ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில் உண்டாகும் விசிறி வடிவ வண்டல் திட்டு, சுற்றுப்பாதைப் படங்களில் தெளிவாகத் தெரிந்தது. அஃது ஒரு காலத்தில் ஏரியாக இருந்திருக்க வேண்டும் என்று உணர்ந்தே, 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் ‘பெர்சிவியரன்ஸ்’ என்னும் ஊர்தியை அங்கு இறக்கினர்.

அந்நீர் எங்கே போயிற்று? செவ்வாய் தன்னைச் சுற்றியிருந்த காந்தப் புலத்தைத் தொல்பழங்காலத்திலேயே இழந்தது. சூரியனிலிருந்து வீசும் துகள்களின் தாக்குதலால் அதன் காற்றுப் போர்வை சிறுகச் சிறுக விண்வெளியில் கரைந்தது. காற்றழுத்தம் குறையவே, நீர் நீராக நிற்க இயலவில்லை. ஒரு பகுதி விண்வெளிக்குச் சென்றது. ஒரு பகுதி பனிக்கட்டியாகவும் பாறையோடு கலந்தும் உறைந்தது.

ஜொகூர் பாலத்தைக் கடக்கும்போது ஓரத்தில் பெருங்குழாய்களைக் கண்டீர்கள் அல்லவா? 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை நீர் எடுக்கச் சிங்கப்பூருக்கு உரிமை உண்டு. ஒரு நகரம் வாழ நீர் எவ்வளவு தேவை என்பதை எண்ணிப் பாருங்கள். நீரையும் காற்றையும் இழந்த ஒரு கோள் எவ்வாறிருக்கும் என்பதைச் செவ்வாய் நமக்குக் காட்டுகின்றது.

5. மணற்குன்றுகளும் பனியும்

செவ்வாயின் காற்று மெலிதாயினும், மணலைத் தள்ளிப் பிறைவடிவக் குன்றுகளாகக் குவிக்கும் ஆற்றல் அதற்குண்டு. சூறைச்சுழல்கள் தரையிலுள்ள புழுதியைத் துடைத்துச் சென்ற தடங்கள், கரும்பலகையில் குழந்தை கிறுக்கியவை போன்று படங்களில் தெரியும். இரு துருவங்களிலும் வெண்ணிறப் பனிமூடிகள் உள்ளன. அவற்றின் பெரும்பகுதி நீர்ப்பனி. குளிர்காலத்தில் காற்றிலுள்ள கரியமில வாயுவே உறைந்து அவற்றின்மேல் படியும். கோடையில் மீண்டும் ஆவியாகிவிடும்.

மங்கள்யான்

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2013ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் விண்கலத்தை ஏவியது. 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் அது செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. முதல் முயற்சியிலேயே இதனைச் சாதித்த முதல் நாடு என்னும் பெருமை இந்தியாவுக்குக் கிட்டியது. ஆறு மாதப் பணிக்கென அனுப்பப்பட்ட அக்கலம் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் உழைத்தது. 2022ஆம் ஆண்டில் அதனுடன் தொடர்பு அற்றுப்போனது.

அதன் பாதை நீள்வட்டமானது. அண்மையில் வரும்போது சில நூறு கி.மீ. உயரத்திலும், தொலைவில் செல்லும்போது ஏறத்தாழ 77,000 கி.மீ. உயரத்திலும் அது சென்றது. ஆதலால் நிலத்தின் நுட்பங்களையும், கோளின் முழு வட்டத்தையும் ஒரே ஒளிப்படக் கருவியால் படம் பிடிக்க முடிந்தது. நான் மேலே கூறிய மாபெரும் பள்ளத்தாக்குத் தொகுதியைச் சேர்ந்த ஓஃபிர் என்னும் பகுதியை அது 2015ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் படமெடுத்தது.

இத்திட்டத்தின் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் திருநெல்வேலி மாவட்டத்தவர். நிகழ்ச்சி இயக்குநராக விளங்கிய மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சி அருகிலுள்ள கோதவாடி என்னும் சிற்றூரில் பிறந்து, தமிழ்வழியில் பள்ளிக் கல்வி பயின்றவர். தோட்டப் பள்ளியில் தமிழில் பயில்வோரே, இதனை மறவாதீர்கள்.

கண் செய்யும் பிழை

தோசைக் கடையில் நான் செய்த பிழையைப் பேரறிஞரும் செய்துள்ளனர். 1877ஆம் ஆண்டில் இத்தாலிய வானியலார் ஸ்கியாபரெல்லி, தொலைநோக்கி வழியே செவ்வாயில் கோடுகளைக் கண்டதாக எழுதினார். பின்னர் அமெரிக்கரான பெர்சிவல் லோவெல், அவை அறிவுடைய உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்றே நூல்கள் எழுதினார். விண்கலங்கள் அருகிற் சென்று பார்த்தபோது கால்வாய் ஒன்றும் இல்லை. தெளிவற்ற புள்ளிகளைக் கண் தானே இணைத்துக் கோடாக்கிக்கொண்டது.

1976ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் வைக்கிங் 1 விண்கலம் எடுத்த ஒரு படத்தில், மனித முகம் ஒன்று வானை நோக்கிப் பார்ப்பதுபோல் தோன்றியது. ஏறத்தாழ 3 கி.மீ. நீளமுள்ள குன்று அது. சாய்ந்த வெயிலின் நிழல், கண்ணாகவும் வாயாகவும் அமைந்துவிட்டது. 1998, 2001ஆம் ஆண்டுகளில் மேலும் தெளிவான படங்கள் கிடைத்தபோது, அது காற்றரித்த வெறும் பாறைக்குன்றே எனத் தெளிந்தனர்.

புக்கிட் தீமாவில்

உணவுக்குப்பின் புக்கிட் தீமாக் குன்றுக்குச் சென்றோம். அதன் உயரம் 163 மீட்டர். சிங்கப்பூரின் இயற்கை நிலத்தில் அதுவே மிக உயர்ந்த இடம். உச்சியை அடைந்தபின், அடிவாரத்தில் உள்ள ஹிந்தீட் கல்லுடைப்புக் குழியைப் பார்த்தோம். கருங்கல் வெட்டி எடுத்த பள்ளத்தில் இப்பொழுது நீர் நிறைந்து நிற்கின்றது. ஒரே இடத்தில் மேடும் பள்ளமும்! “மேலேயிருந்து இவ்விரண்டையும் படம் எடுத்தால் வேறுபாட்டை எவ்வாறு அறிவீர்கள்?” என்று கேட்டேன். “ஒளி எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்போம், ஐயா!” என்று அனைவரும் ஒரே குரலில் கூறினர்.

விடை

மாலையில் திரும்பும்போது, ஜொகூர் பாலத்தில் வாகனங்கள் நகராமல் நின்றிருந்தன. அம்மாணவி என் இருக்கையருகே வந்து நின்றாள். கொடுத்த வாக்கை நிறைவேற்ற வேண்டிய வேளை.

“அம்மா, செவ்வாய் பூமிக்கு மிக நெருங்கி வந்த 2003ஆம் ஆண்டிலும் ஐந்தரைக் கோடி கி.மீ.க்கு அப்பால்தான் நின்றது. அங்கே குழி உண்டு, மலை உண்டு, வறண்ட ஆறு உண்டு. அறுபது ஆண்டுகளாக நம் கருவிகள் அதனைப் பார்த்து வருகின்றன. நம்மைப் பார்க்கும் கண் ஒன்றும் அங்கு இல்லை. முகம் என்று எண்ணியதும் நிழல்தான். சாதகக் கட்டத்தில் செவ்வாய் இன்ன இடத்தில் நிற்கின்றது என்கிறார்கள். அந்நேரத்தில் அது வானில் நின்ற இடம், அவ்வூரில் அப்போது பிறந்த அத்தனைக் குழந்தைகளுக்கும் பொதுவானது. அக்கோள் ஒருத்தியை மட்டும் தேர்ந்தெடுத்துத் தண்டிக்க அறியாது. உன் அக்கா ஒரு குற்றமும் செய்யவில்லை.”

“அப்படியானால் கோயிலில் ஏன் கும்பிட்டீர்கள், ஐயா?”

“வழிபாடு என் மனத்தின் அமைதிக்கு, அம்மா. அதனை நான் விடமாட்டேன். ஆனால், ஒரு பெண்ணின் வாழ்வை நிறுத்தி வைக்க அதனைக் கருவியாக்குவது முறையன்று.”

அவள் சிறிது நேரம் வெளியே குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர், “இதை வீட்டில் சொல்லட்டுமா, ஐயா?” என்றாள்.

“சொல் அம்மா. நான் வந்து சொல்ல வேண்டுமானாலும் வருகின்றேன்.”

ஒரு வாரம் கழித்து, அவ்வீட்டுப் பெரியவர் பள்ளிக்கு வந்தார். படங்களை அவரிடம் காட்டினேன். ஒவ்வொன்றையும் நெடுநேரம் பார்த்தார். ஆற்றுத்தடப் படத்தைக் கையிலெடுத்து, “இதிலே தண்ணீர் ஓடியதா?” என்று மட்டும் கேட்டார். “ஓடியது” என்றேன். அப்படங்களை ஒரு நாள் வீட்டில் வைத்துக்கொள்ள இசைவு கேட்டு, வாங்கிச் சென்றார். மறுநாள் திருப்பித் தரும்போது, வீட்டில் அனைவரும் பார்த்ததாகக் கூறினார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

மாணவச் செல்வங்களே! படத்தை ஒரு பக்கமாக மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறாதீர்கள். கூறியவர் ஆசிரியராயினும் பெரியவராயினும், ஒளி எங்கிருந்து வருகின்றது என்று பணிவுடன் கேளுங்கள். உங்கள் தலைமையாசிரியர் அதற்காகச் சினங்கொள்ளமாட்டார்.

செய்து பார்க்க

1. தட்டில் ஈரமணலைப் பரப்பி, ஒரு குழியும் ஒரு மேடும் அமைத்துக் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நிழல் எங்கே விழுகின்றது என வரைந்து காட்டுக.

2. விளக்கை மெல்லத் தலைக்கு நேரே உயர்த்துங்கள். நிழலுக்கு என்ன நேர்கின்றது?

3. ஒரு மீட்டர் குச்சியின் துணைகொண்டு, உங்கள் வீட்டருகே உள்ள செம்பனை மரம் ஒன்றின் உயரத்தைக் கணக்கிடுக.

4. செவ்வாயில் பாய்ந்த ஆறுகள் வறண்டமைக்குக் காரணம் யாது? ஐந்து வரிகளில் எழுதி, வீட்டிலுள்ள பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுக.